பழைய சிறு வேகக் கார்களின் இயந்திரக் கணிப்பொறி: தேர்வும் திருத்தமும்

காற்றும் பெட்ரோலும் தக்க வீதத்தில் கலந்து, தக்க நொடியில் பற்றி எரிந்தால்தான் மோட்டார் இயந்திரம் ஒழுங்காக ஓடும். வீதம் பிசகினால் புகையும், நொடி பிசகினால் சேதமும் விளையும். முற்காலத்தில் முதற்பணியைக் கார்புரேட்டரும், இரண்டாம் பணியை டிஸ்டிரிபியூட்டரின் எடைகளும் வில்லும் செய்து வந்தன. இன்று இவ்விரண்டையும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு மின்னணுப் பெட்டி செய்கிறது. அதனையே இயந்திரக் கணிப்பொறி என்கிறோம்.

பெங்களூர் நகரின் கிழக்கெல்லையில் உள்ள வைட்ஃபீல்ட் இப்பொருளைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஏற்ற இடமாகும். 1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடியிருப்பாகத் தோன்றிய இவ்வூர், 1990களின் இறுதியில் கணிப்பொறித் தொழிலின் மையமாக மாறியது. 1996இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மெர்சிடிஸ்-பென்ஸ் ஆராய்ச்சி நிலையம் இன்று இப்பகுதியில் இயங்குகிறது. 1951 முதல் மைக்கோ என்ற பெயரில் எரிபொருள் பீச்சும் கருவிகளைச் செய்து வந்து, 2008இல் பாஷ் எனப் பெயர் மாறிய தொழிற்சாலையும் இதே நகரைச் சார்ந்ததே. புதிய வண்டிகளின் கணிப்பொறிகளுக்குரிய கட்டளைகள் எழுதப்படும் இந்நகரின் சாலைகளில், இருபதாண்டு கடந்த சிறு வேகக் கார்களும் ஓடுகின்றன. அவற்றின் கணிப்பொறி பழுதுற்றாலோ, இயந்திரத்தில் மாறுதல் செய்யப்பட்டாலோ, எந்தக் கணிப்பொறியைத் தேர்வது, அதனை எவ்வாறு திருத்துவது என்னும் கேள்விகள் எழுகின்றன. தொழிற்பயிற்சி ஆசிரியர்களும், வாகனப் பரிசோதனை ஊழியர்களும் இக்கேள்விகளை அடிக்கடி எதிர்நோக்க வேண்டியிருப்பதால், அவற்றுக்கு அடிப்படையான விஞ்ஞானத்தை இக்கட்டுரையில் விளக்குவோம்.

கார்புரேட்டரிலிருந்து கணிப்பொறிக்கு

மின்னணு முறையில் பெட்ரோல் பீச்சும் அமைப்பைப் பாஷ் நிறுவனம் 1967இல் வோக்ஸ்வாகன் கார்களுக்கு அளித்தது. 1976இல் புகைக்குழாயில் எஞ்சும் பிராணவாயுவை அளக்கும் லாம்டா உணர்கருவி வால்வோ கார்களில் வந்தது. 1979இல் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே கணிப்பொறி ஆளும் மோட்ரானிக் அமைப்பு பி.எம்.டபிள்யூ. கார்களில் இடம் பெற்றது.

நம் நாட்டில் இம்மாறுதலுக்குக் காரணம் வேகத்தின்மேல் எழுந்த ஆசையன்று. நகரக் காற்றின் தூய்மையே. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, தலைநகர்ப் பகுதியில் 2000 ஏப்ரல் முதல் யூரோ இரண்டாம் நிலைக்கு நிகரான புகை விதிகள் பயணிகள் கார்களுக்கு நடைமுறைக்கு வந்தன. 2005 ஏப்ரலில் பாரத் இரண்டாம் நிலை நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. கார்புரேட்டரைக் கொண்டு இவ்வரம்புகளைக் காப்பது கடினமாதலின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் கொண்ட அமைப்பு பரவியது. 1998இல் இந்தியாவில் வெளிவந்து 2003 வரை விற்பனையான முதல் ஹோண்டா சிட்டி, அதன் 106 குதிரைத்திறன் கொண்ட வீடெக் வகை, 2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6 ஆகியவை இக்காலத்தைச் சேர்ந்தவை. குறைந்த எடையும், உற்சாகமான இயந்திரமும் உடைய இவற்றை இன்றும் பலர் விரும்பிப் பேணுகின்றனர்.

கணிப்பொறி செய்யும் கணக்கு

இயந்திரக் கணிப்பொறி தானாகச் சிந்திப்பதில்லை. முன்னரே எழுதி வைத்த அட்டவணைகளைப் பார்த்து, இடைப்பட்ட மதிப்புகளைக் கணித்து, அதன்படி இன்ஜெக்டரைத் திறக்கிறது. அட்டவணையின் ஒரு பக்கத்தில் இயந்திரத்தின் சுற்று வேகம் இருக்கும். மறுபக்கத்தில் உறிஞ்சுகுழாயின் அமுக்கம் இருக்கும். 3000 சுற்றுக்கு உரிய எண் 40 எனவும், 3500 சுற்றுக்கு உரிய எண் 44 எனவும் கொள்வோம். 3250 சுற்றில் கணிப்பொறி 42 எனக் கணக்கிடும். நம் பள்ளிகளில் மடக்கை அட்டவணை பார்க்கும்போது இடை மதிப்புக் கண்ட முறையும் இதுவேயாகும்.

அட்டவணை எண் எதனைக் குறிக்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 1.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 375 கன சென்டிமீட்டர். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 91 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் அது 101. வெப்பநிலை 27 டிகிரி செண்டிகிரேடு எனில், பெங்களூர்க் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.06 கிலோகிராம். சிலிண்டரில் அதன் கொள்ளளவில் 85 சதவிகிதமே நிரம்புகிறது எனக் கொண்டால், ஒரு தடவை உள்ளே புகும் காற்று சுமார் 0.337 கிராம். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது முழு எரிதலுக்கு உரிய வீதம். ஆகவே தேவைப்படும் பெட்ரோல் 23 மில்லிகிராம், அதாவது 0.031 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 240 கன சென்டிமீட்டர் பீச்சும் இன்ஜெக்டர், இதனை வழங்க 7.7 மில்லி செகண்டு திறந்திருக்க வேண்டும். இன்ஜெக்டர் திறப்பதற்கே பிடிக்கும் சிறு தாமதத்தையும் இதனுடன் சேர்த்துக் கொள்ள வேண்டும். 6000 சுற்று வேகத்தில் நான்கு வீச்சுகளும் 20 மில்லி செகண்டில் முடிந்துவிடுகின்றன என்பதை நோக்கின், இக்கணக்கு எத்துணை விரைவாக நடைபெற வேண்டும் என்பது விளங்கும்.

தீப்பொறியின் கணக்கு இதனினும் நுட்பமானது. 6000 சுற்று வேகத்தில் இயந்திரத் தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் 28 பங்கே ஆகிறது. கலவை எரிந்து முடியச் சற்றுக் காலம் பிடிப்பதால், பிஸ்டன் மேல்முனையை அடைவதற்கு முன்பே தீப்பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட அது மேலும் முன்னதாக விழ வேண்டும். அளவுக்கு மிஞ்சி முன்னதாக விழுந்தால், எஞ்சிய கலவை தானே வெடித்துத் தொழிலாளர் நாக்கிங் என்று கூறும் தட்டொலி எழும். அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது. எரியும் வாயுவின் வெப்பநிலையோ 2000 டிகிரிக்கும் மேற்பட்டது. பிஸ்டன் உருகாமல் காப்பது அதன் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலமும், சுற்றிலும் குளிர்விக்கும் நீரும் எண்ணெயுமே. தட்டல் நீடித்தால் அப்படலம் கலைந்துவிடும்.

தவறான கணிப்பொறியைப் பொருத்திய வண்டி உடனே நின்றுவிடுவதில்லை என்பதை இங்கே வற்புறுத்த வேண்டும். பெட்ரோல் சற்றுக் குறைந்தும் தீப்பொறி சற்று முந்தியும் இருக்கும் வண்டி, சில நாட்களுக்கு முன்னைவிட உற்சாகமாக ஓடுவதுபோலவும் தோன்றும். சேதம் பின்னரே வெளிப்படும். ஆதலின் ஓட்டுவோரின் திருப்தி, தேர்வு சரியென்பதற்குச் சான்றாகாது.

தேர்வு செய்யும் முறை

ஒரே நிறுவனம் செய்த இரு கணிப்பொறிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தும், உள்ளே பெரிதும் வேறுபடலாம். உலகெங்கும் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு ஹோண்டா நிறுவனத்தின் சிவிக், சி.ஆர்-எக்ஸ் ஆகிய சிறு கார்களே. 1988 முதல் 1991 வரையிலான சி.ஆர்-எக்ஸ் கார்களை வைத்திருப்போர் பலர், அவற்றின் பழைய பெட்டிக்குப் பதிலாக 1992–95 சிவிக் கார்களுக்குரிய பி28 என்னும் குறியீடுள்ள பெட்டியை மாற்றிப் பொருத்துகின்றனர். அதற்கு நினைவகச் சில்லைச் சேர்ப்பது எளிது என்பதும், வால்வுகளின் தூக்கத்தை வேகத்திற்கேற்ப மாற்றும் வீடெக் அமைப்பை இயக்கும் சுற்று அதில் உண்டு என்பதும் காரணங்களாகும். அதே தலைமுறையைச் சேர்ந்த பி06 பெட்டியில் வீடெக் சுற்றின் உறுப்புகள் பொருத்தப்பட்டிருப்பதில்லை. மிகுந்த சிக்கனத்திற்காகச் செய்யப்பட்ட பி07 பெட்டியோ வேறு வகை லாம்டா உணர்கருவியை எதிர்பார்ப்பது. சாதாரண உணர்கருவியுடன் அது பொருந்தாது.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து எந்தக் காருக்கும் பொருந்தும் விதிகளைப் பெறலாம்.

முதலாவது, காற்றை அளக்கும் முறை. சில கணிப்பொறிகள் உறிஞ்சுகுழாயின் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் கொண்டு காற்றின் நிறையைக் கணக்கிடுகின்றன. வேறு சில, பாயும் காற்றை நேரே அளக்கும் கருவியை நம்பியுள்ளன. ஒன்றின் பெட்டி மற்றொன்றின் வண்டியில் இயங்காது.

இரண்டாவது, சுழற்சியை உணரும் முறை. தண்டு எந்நிலையில் உள்ளது என்பதைப் பற்சக்கரமும் காந்தச் சுருளும் அறிவிக்கின்றன. பற்களின் எண்ணிக்கையும் விடுபட்ட பல்லின் இடமும் கணிப்பொறி எதிர்பார்ப்பதோடு ஒத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இன்ஜெக்டரின் மின்தடை. இதில் ஓமின் விதியே வழிகாட்டி. 12 ஓம் தடையுள்ள இன்ஜெக்டரில் 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 2 ஓம் தடையுள்ளதில் 6 ஆம்பியர் பாயும். முன்னதற்காகச் செய்த டிரான்சிஸ்டர், பின்னதன் மின்னோட்டத்தில் கருகிவிடும். பழைய சி.ஆர்-எக்ஸ் கார்களில் குறைந்த தடையுள்ள இன்ஜெக்டர்களுடன் தனி மின்தடைப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தது இதனாலேயே. கணிப்பொறியை மாற்றும்போது அத்தடைப் பெட்டியைக் கழற்றி எறிவது பெரும் பிழை.

நான்காவது, தட்டலை உணரும் சுற்று. எல்லாப் பெட்டிகளிலும் இது இருப்பதில்லை. அமெரிக்காவில் விற்பனையான சிவிக் கார்களின் பி28 பெட்டியில் இது இல்லை, இன்டெக்ரா ஜி.எஸ்-ஆர் காரின் பி72 பெட்டியில் உண்டு. இச்சுற்று இல்லாத பெட்டியைத் தேர்ந்தால், தீப்பொறி அட்டவணையில் பாதுகாப்பான இடைவெளி வைக்க வேண்டும்.

ஐந்தாவது, கியர்ப்பெட்டியும் திருட்டுத் தடுப்பும். தானியங்கிக் கியருக்குரிய பெட்டி, கையால் மாற்றும் கியருள்ள வண்டியில் பழுது விளக்கை ஏற்றும். பிற்காலத்துப் பெட்டிகள் சாவியிலுள்ள இரகசிய எண்ணோடு பிணைக்கப்பட்டவை. சாவியின்றி அவற்றைப் பழைய பொருட்கடையில் வாங்குவதால் பயனில்லை.

ஆறாவது, பெட்டியின் உடல்நிலை. இருபது, முப்பது ஆண்டுகளில் மின்தேக்கிகளின் உள்ளிருக்கும் திரவம் கசிந்து, பலகையின் செம்புத் தடங்களை அரித்துவிடும். வெப்பத்தாலும் அதிர்வாலும் ஈய இணைப்புகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். பழைய ஹோண்டா கார்களில், வெயிலில் நின்றபின் இயந்திரம் கிளம்ப மறுத்தால், கணிப்பொறிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தரும் ரிலேயின் இணைப்பு வெடிப்பே பெரும்பாலும் காரணம். ஆகவே கணிப்பொறியைக் குறை கூறுமுன், ரிலே, தரைக்கம்பி, மின்கல அழுத்தம் ஆகியவற்றைச் சோதிப்பது கடமையாகும்.

திருத்தும் வழிகள்

தக்க பெட்டி கிடைத்தபின், அதன் அட்டவணைகளை இயந்திரத்திற்கேற்பத் திருத்த நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, நினைவகச் சில்லை மாற்றுவது. பி28 பெட்டியில் இதற்கென வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. அவ்விடத்தில் 28 கால்கள் கொண்ட ஒரு குழியையும், முகவரியைப் பிடித்து வைக்கும் 74 ஹெச்.சி. 373 என்னும் துணைச் சில்லையும் ஈயத்தால் இணைத்து, ஜே1 என்னும் இணைப்பைக் கூட்டினால், கணிப்பொறி தன்னுள் உறைந்த கட்டளைகளை விட்டு, வெளியிலுள்ள 27சி256 சில்லைப் படிக்கத் தொடங்கும். துணைச் சில்லுக்குரிய காரணம் ஆசிரியர்களுக்குச் சுவையானது. கம்பிகளைக் குறைப்பதற்காக, எட்டுக் கம்பிகளிலேயே முதலில் முகவரியின் ஒரு பகுதியும், பின்னர் தகவலும் அனுப்பப்படுகின்றன. முதலில் வந்த முகவரியை நினைவில் நிறுத்தும் வேலையைத் துணைச் சில்லு செய்கிறது. 27சி256இல் 15 முகவரிக் கம்பிகள் உண்டு. இரண்டின் 15ஆம் அடுக்கு 32,768. அத்தனை எட்டு இலக்க எண்களில் ஓர் இயந்திரத்தின் முழு நடத்தையும் அடங்கிவிடுகிறது. பல கணிப்பொறிகள் எண்கள் அனைத்தையும் கூட்டிச் சரிபார்க்கும் தணிக்கை முறையும் கொண்டவை. ஓர் எண்ணை மாற்றுவோர் கூட்டுத்தொகையையும் சரிசெய்யாவிடில் பழுது விளக்கு எரியும்.

இரண்டாம் வழி, நினைவகத்தைக் கழற்றாமலே மின்சாரத்தால் அழித்து எழுதுவது. 2000க்குப் பிந்திய பெட்டிகள் பலவற்றுக்கு இதுவே முறை. எழுதும்போது மின்கலம் தளர்ந்தால் பெட்டி பாதி எழுதப்பட்ட நிலையில் செயலற்றுப் போகும். ஆகவே மின்கலத்துடன் நிலையான மின்னேற்றியை இணைத்துக் கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழி, துணைப் பெட்டி. மூலக் கணிப்பொறிக்கும் இயந்திரத்திற்கும் இடையில் நின்று, இன்ஜெக்டர் கட்டளையையும் தீப்பொறி நேரத்தையும் சிறிது மாற்றி அனுப்பும் பெட்டி இது. பெங்களூரிலேயே ரேஸ் டைனமிக்ஸ் என்னும் நிறுவனம் பவர்ட்ரானிக் என்ற பெயரில் இத்தகைய பெட்டிகளைச் செய்கிறது. தேவையில்லையெனில் கழற்றிவிட்டு மூல நிலைக்குத் திரும்பலாம் என்பது இதன் சிறப்பு. மூலக் கணிப்பொறி தன் லாம்டா உணர்கருவியைக் கொண்டு துணைப் பெட்டியின் மாற்றத்தைத் தானே ஈடுகட்டிவிடக்கூடும் என்பது இதன் குறை.

நான்காம் வழி, முற்றிலும் தனிக் கணிப்பொறி. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ ஆகிய இருவர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ பலகையின்மேல் அமைந்த ஸ்பீடுயினோ ஆகியவை தாமே ஈயமிட்டுச் சேர்க்கத்தக்கவை. கட்டளைகளை எவரும் படித்தறியக் கூடுமாதலால், தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு இவை ஏற்றவை. ஆயினும் குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்புதல், குளிர்சாதனம் ஓடும்போது வேகத்தை நிலைநிறுத்துதல் முதலிய சிறு காரியங்கள் யாவற்றையும் நாமே வரையறுக்க வேண்டும். உற்பத்தியாளர் ஆண்டுக்கணக்கில் செய்த பணியை ஒரு வாரத்தில் செய்துவிட முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பழைய கணிப்பொறியைத் திருத்த வேண்டிய தேவை, வேகத்தை நாடாதவர்க்கும் இன்று ஏற்பட்டுள்ளது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில், 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு விடப்பட்டது. 2025இல் நாட்டின் சராசரிக் கலப்பு அவ்வளவை எட்டியது. 2000ஆம் ஆண்டை ஒட்டிச் செய்த கார்களின் அட்டவணைகளோ இக்கலப்பை எதிர்பார்த்து எழுதப்பட்டவையல்ல.

எத்தனாலின் மூலக்கூறிலேயே பிராணவாயு அணு ஒன்று இருப்பதால், அது எரியக் காற்று குறைவாகவே வேண்டும். அதன் வீதம் 9 மட்டுமே. 20 சதவிகிதக் கலப்புக்குக் கணக்கிட்டால் வீதம் 14.7இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆகக் குறைகிறது. முற்கூறிய சிலிண்டருக்கு அதே காற்றுக்கு இப்போது 0.0333 கன சென்டிமீட்டர் எரிபொருள் தேவை. இன்ஜெக்டர் 7.7 மில்லி செகண்டுக்குப் பதிலாக 8.3 மில்லி செகண்டு திறந்திருக்க வேண்டும். சுமார் 7.5 சதவிகித வேறுபாடு இது.

சீராக ஓடும்போது இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. லாம்டா உணர்கருவி எஞ்சிய பிராணவாயுவைக் கண்டு சொல்ல, கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டிக் கொள்ளும். ஆனால் மிதியை முழுதும் அழுத்தும்போது பழைய கணிப்பொறிகள் உணர்கருவியைப் புறக்கணித்து, அட்டவணையை மட்டுமே நம்புகின்றன. அந்நிலையில் இயந்திரத்தைக் குளிர்விப்பதற்காக வேண்டுமென்றே மிகுதியாகப் பீச்சிய பெட்ரோலில் ஒரு பகுதி இப்போது குறைந்துபோகிறது. அதிகக் காப்புத் தேவைப்படும் வேளையிலேயே காப்பு குறைகிறது என்பது இதன் பொருள். எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108 ஆதலால் தட்டல் குறையும் என்பது உண்மையே. எனினும் புகைவாயுவின் வெப்பம் ஏறுவதை அது தடுக்காது. கணிப்பொறியைத் திருத்தக் கூடுமாயின், முழுச் சுமைக்குரிய கட்டங்களில் 7 முதல் 8 சதவிகிதம் கூட்டுவதே முறையான தீர்வு.

ரப்பர்க் குழாய்கள், வாஷர்கள், பம்பு ஆகியவை எத்தனாலைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகள் பெரும்பாலும் இக்கலப்புக்கென உறுப்புகள் அமைந்தவையல்ல. கணிப்பொறியைத் திருத்துமுன் கசியும் குழாயை மாற்றுதல் வேண்டும். தீவிபத்தைத் தடுக்கும் முதற்படி அதுவே.

மேட்டு நிலத்தில் செய்த திருத்தம்

வைட்ஃபீல்டில் திருத்தப்பட்ட வண்டிகளுக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே குறிப்பிடுவது அவசியம். பெங்களூரில் மிதியை முழுதும் அழுத்தினாலும் உறிஞ்சுகுழாயின் அமுக்கம் சுமார் 91 கிலோபாஸ்கலுக்கு மேல் ஏறாது. எனவே அட்டவணையில் 95, 100 கிலோபாஸ்கல் என்று குறித்த கட்டங்களை இயந்திரம் அங்கே தொடுவதேயில்லை. டைனமோமீட்டரின் மேல் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அவை சோதிக்கப்படாமலே நிற்கும்.

அதே வண்டி ஓசூரைக் கடந்து, கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கிச் சென்னையை அடைகிறது எனக் கொள்வோம். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு கூடுதல். சிலிண்டரில் அமுக்கம் கூடுவதால் தட்டலுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. கடற்கரையின் வெப்பமும் அதனுடன் சேர்கிறது. அப்போது கணிப்பொறி நாடுவது, எவரும் சரிபார்க்காத அக்கட்டங்களையே. பெங்களூரில் பழுதின்றி ஓடிய இயந்திரம் சென்னைச் சாலையில் தட்டுவதற்குக் காரணம் இதுவே. சோதிக்கப்படாத கட்டங்களில், சோதித்த கட்டங்களின் போக்கை ஒட்டிப் பெட்ரோலைக் கூட்டியும், தீப்பொறியைச் சில பாகைகள் பின்னிட்டும் எழுதிவைப்பது அறிவுடைமை. கூடுமாயின், சமநிலத்தில் மறுமுறை சோதிப்பது நன்று.

இதற்கு மாறாக உதகமண்டலம் செல்லும் வண்டிக்கு, 2240 மீட்டர் உயரத்தில் அமுக்கம் 77 கிலோபாஸ்கல் அளவே. அமுக்கத்தை அளக்கும் கணிப்பொறி இதனைத் தானே அறிந்து பெட்ரோலைக் குறைத்துக் கொள்கிறது. கார்புரேட்டர் இதனைச் செய்யாமையால்தான் பழைய வண்டிகள் மலையேறும்போது கரும்புகை கக்கின.

சோதனையும் சட்டமும்

திருத்தம் முடிந்தபின் காதாலும் மூக்காலும் சோதிப்பது போதாது. சாதாரண லாம்டா உணர்கருவி, சரியான வீதத்தை ஒட்டிய சிறு எல்லையில் மட்டுமே தெளிவாகப் பேசும். பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டும், குறைந்தால் 0.1 வோல்ட்டும் தரும். எவ்வளவு மிகுதி, எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லாது. ஆகவே அட்டவணையைத் திருத்துவோர் அகன்ற எல்லையுள்ள உணர்கருவியைப் பயன்படுத்த வேண்டும். குறைந்த சுமையில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதும், ஒரு தடவைக்கு ஒரு மதிப்பை மட்டும் மாற்றுவதும், ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பதும் ஆய்வுக்கூட ஒழுக்கங்கள். அவை இங்கும் பொருந்தும். மூல நினைவகத்தின் நகல் ஒன்றைத் தனியே பாதுகாத்தல் மிக முக்கியம்.

வேகச் சோதனை பொதுச் சாலையில் செய்யத்தக்கதன்று. அதற்கு டைனமோமீட்டர் உண்டு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயத் தளங்களும் உண்டு.

புகை விதிகள் மத்திய மோட்டார் வாகன விதி 115இல் அடங்கியுள்ளன. பாரத் இரண்டாம், மூன்றாம் நிலைகளைச் சேர்ந்த பெட்ரோல் கார்கள் வெற்றோட்டத்தில் கார்பன் மோனாக்ஸைடை 0.5 சதவிகிதத்திற்கும், ஹைட்ரோகார்பன்களைப் பத்து லட்சத்தில் 750 பங்குக்கும் மிகாமல் வெளியிட வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் வினையூக்கிக் கலத்தையோ, லாம்டா உணர்கருவியையோ நீக்கி, அவை இல்லையென்று கணிப்பொறியை நம்பச் செய்யும் திருத்தம் இவ்வரம்பை மீறச் செய்யும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. போக்குவரத்து நெரிசலில் நிற்போரும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் அதனை அறியாமலே சுவாசிக்கின்றனர். மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இயந்திரத்தையே மாற்றுவோர் முன்னனுமதி பெற வேண்டும். தனியார் கார்களின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், ஒழுங்காகத் திருத்தப்படாத வண்டி அப்போது சிக்கலுக்கு உள்ளாகும்.

ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும்

பெளதிக ஆசிரியர், வாயு விதி, ஓமின் விதி, இரும எண், இடைமதிப்புக் காணல் ஆகிய நான்கு பாடங்களையும் இவ்வொரு பெட்டியைக் கொண்டு விளக்கலாம். பழுதுற்ற பழைய கணிப்பொறி ஒன்றைத் திறந்து, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், நினைவகம் ஆகியவற்றை மாணவர்க்குக் காட்டினால், புத்தகத்தில் படித்தவை கண்முன் தோன்றும். மேலே தந்த இன்ஜெக்டர்க் கணக்கைச் சென்னைக்கும் உதகைக்கும் தனித்தனியே போட்டுப் பார்க்கச் செய்வது நல்ல பயிற்சி.

பரிசோதனை ஊழியர், திருத்தப்பட்ட வண்டி என்றவுடன் அதனைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. திருத்தம் எத்தகையது, புகை வரம்புக்குள் உள்ளதா, வினையூக்கிக் கலமும் உணர்கருவியும் அவ்வவ்விடத்தில் உள்ளனவா, எரிபொருள் குழாய்கள் உறுதியாக உள்ளனவா என்பவற்றையே நோக்க வேண்டும். தற்கால எரிபொருளுக்கேற்ப முறையாகத் திருத்தப்பட்ட பழைய கார், திருத்தப்படாத அதே காரைவிடத் தூய்மையாக ஓடக்கூடும். தேர்வில் பொறுமையும், திருத்தத்தில் அளவும், சோதனையில் நேர்மையும் இருப்பின், இருபதாண்டுக்கு முன் எழுதப்பட்ட எண்களை இன்றைய காற்றுக்கும் இன்றைய பெட்ரோலுக்கும் ஏற்பத் திருத்துவது நம் தொழிலாளரின் திறமைக்கு அப்பாற்பட்டதன்று.